முதல் கவரும் ஒரு நாற்காலியும்

"தப்பான செய்தி போயிடுச்சுன்னா அப்பல்லாம் எப்படி பாய் டெலீட் பண்ணுவீங்க?" என்று கேட்டார், நன்னிலத்தில் இப்போது நிருபராக இருக்கும் ஒரு தம்பி. கல்யாண வீட்டுப் பந்தியில், பிரியாணி வருவதற்கு முன்னால். அன்று காலையில்தான் அவர் செல்போனில் ஏதோ ஒரு செய்தியைப் போட்டு, தப்பு என்று தெரிந்ததும் டீ ஆறுவதற்குள் அழித்திருக்கிறார். தப்பித்த சந்தோஷம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அச்சடிச்சு, பஸ்ஸுல ஏத்தி, டீக்கடை பெஞ்சுல நாலு பேரு சத்தமா வாசிச்சு முடிச்சதை எப்படி தம்பி அழிக்கிறது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு வந்தது, பேச்சு மாறிவிட்டது. எனக்கு மட்டும் கை கழுவி எழுந்திருக்கும்வரை அந்த ஒரு நாள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் எழுதிய புத்தகங்கள் எதிலும் அந்த நாள் இல்லை. காவிரியின் கிளை ஆறுகளைப் பற்றி எழுதியிருக்கிறேன், நாகப்பட்டினத்துப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். டெல்டாவின் கூலித் தகராறுகளைப் பற்றித் தலையணை மாதிரி ஒரு புத்தகமே போட்டேன்; அதிலும் இதை விட்டுவிட்டேன். இதில் சம்பந்தப்பட்ட மிராசுதார், "நான் இருக்கிற வரைக்கும் எழுதாதீங்க பாய்" என்று கேட்டுக்கொண்டார். இப்போது அவர் இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் இன்றும் சொல்ல மாட்டேன். அன்று முறைத்துக்கொண்டு எதிரெதிரே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எதற்கு வம்பை இழுத்துவிட வேண்டும்?

நான் நிருபரான கதை சின்னது. என் அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஜவுளிக்கடை. வாடிக்கையாளரோடு ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டே நான் துணியைக் கூடுதலாகக் கிழித்துக் கொடுத்துவிடுவேன். அத்தா பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "நீ கடைக்கு ஆக மாட்டடா ரசாக்கு. வாயால பொழைக்கிற வேலை எதாச்சும் இருந்தாப் பாரு" என்று சொல்லிவிட்டார். கழக ஆட்சி வந்த புதிது. தெருவுக்குத் தெரு மேடை, மேடைக்கு மேடை மைக். திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழுக்கு எங்கள் பகுதியில் ஆள் தேவைப்பட்டது. சைக்கிள் இருக்க வேண்டும், பக்கத்தில் போன் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. சைக்கிள் என்னிடம் இருந்தது. போன் என் மச்சான் காதரின் இரும்புக்கடையில் இருந்தது. நான் நிருபர் ஆகிவிட்டேன்.

எழுதக் கற்றுக்கொடுத்தவர் திருச்சியில் செய்தி ஆசிரியராக இருந்த சுந்தரேசன் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். நாம் எழுதியது சரியில்லை என்றால் தபால் போட்டுத் திருச்சிக்கு வரவழைப்பார். எதிரில் உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, நாம் எழுதிய செய்தியை நம் கையிலேயே கொடுத்து, "வாய்விட்டுப் படிங்க ரசாக்" என்பார். படிப்போம். எந்த இடத்தில் நம் குரல் தயங்குகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம். "இங்க உங்களுக்கே சந்தேகமா இருக்கு. யாரு சொன்னா? நீங்க பாத்தீங்களா?" என்பார். 'ஊரே பரபரப்பு' என்று ஒரு தடவை எழுதியிருந்தேன். "பரபரப்பு ஊருக்கா, உங்களுக்கா?" என்றார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நானே பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் 'ரெட்டைக் கவர்' என்று ஒரு வழக்கம் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு நம்ப முடியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். செய்தி திருச்சிக்குப் போவது சாயங்கால பஸ்ஸில். கவரை கண்டக்டரிடம் கொடுத்தால், டிரைவர் தலைக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் ஆள் காத்திருந்து வாங்கிக்கொள்வார். ஆனால் ஊரில் நடக்கிற காரியங்கள் பஸ் நேரம் பார்த்தா முடிகின்றன? பேச்சுவார்த்தை நாலு மணிக்கும் முடியும், ஏழு மணிக்கும் முடியும். அதற்காக இரண்டு செய்திகள் எழுதுவோம். பேச்சு வெற்றி என்றால் போடுவதற்கு முதல் கவர். பேச்சு முறிந்தால் போடுவதற்கு இரண்டாம் கவர். இரண்டையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, முடிவு தெரிந்ததும் வெளியூர்ப் போனான டிரங்க் காலில் கூப்பிட்டு, "சார், ஒண்ணு" என்றோ "சார், ரெண்டு" என்றோ சொன்னால் போதும். அந்த லைனில் அதற்கு மேல் பேச நினைத்தால் தொண்டைதான் போகும். மிஞ்சிய கவரைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

சுந்தரேசன் சார் இதில் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவார். "எது நடக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கோ, அந்தக் கவரை மட்டும் அழகா எழுதிடாதீங்க. ரெண்டையும் ஒரே மாதிரி எழுதுங்க." நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். அந்தத் தடவை மட்டும் முதல் கவர் கொஞ்சம் அழகாகவே வந்துவிட்டது. என்ன செய்வது, ஆசை அவ்வளவு இருந்தது.

குறுவை அறுவடைச் சமயம். தஞ்சை மாவட்டம் முழுக்க ஒவ்வொரு ஊரிலும் தகராறு. அறுத்து அடித்து நெல்லை அளக்கும்போது, கலத்துக்கு இவ்வளவு என்று ஆட்களுக்கு நெல்லாகவே கூலி கொடுப்பார்கள். அதில் கலத்துக்கு அரை லிட்டர் கூட்டிக் கேட்டார்கள் கூலிக்காரர்கள். மிராசுதார்கள் சங்கம் முடியாது என்றது. வரப்பில் செங்கொடி நட்டாயிற்று. வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து போலீஸ் காவலோடு அறுப்போம் என்று மிராசுதார்கள் சொல்ல, அறுத்துப் பார் என்று இவர்கள் சொல்ல, கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஐப்பசி மழை எந்த நிமிஷமும் இறங்கலாம். பழுத்த நெல் தண்ணீரில் படுத்தால் அப்படியே முளைத்துவிடும். அப்புறம் மிராசுதாருக்கும் இல்லை, கூலிக்காரருக்கும் இல்லை.

அந்த மாதிரி தகராறு துப்பாக்கி வரை போன ஊர்களுக்கு நான் போயிருக்கிறேன். எல்லோரும் ஓடிப்போன பிறகு, அரிவாள்களும் கஞ்சிக் கலயங்களும் மட்டும் கிடந்த வயலைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊரும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம்.

தாலுக்கா ஆபீஸில் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. முன்னிலையில் பேச்சுவார்த்தை. மிராசுதார்கள் பக்கம் சங்கத்துக்காரர்கள். கூலிக்காரர்கள் பக்கம் நாலு பேர். அவர்களுக்குத் தலைமை தையல்நாயகி. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். நடவுக்கு நின்றால் வரிசையை இழுத்துக்கொண்டு போகிற கை, பேச்சும் அப்படித்தான். ஊரின் பெரிய மிராசுதாரான ஐயாசாமி வரவில்லை. அவர் வயலில்தான் முதல் அறுவடை, முதல் தகராறு. ஆனாலும் கூலிக்காரரோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேச மனசு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இரண்டு கவர்களும் பஸ் ஏறிவிட்டன. நான் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். வெகு நேரம் கழித்து ஆர்.டி.ஓ.வே வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அரை லிட்டர் ஒத்துக்கிட்டாங்க. முடிஞ்சுது. எழுதிக்கங்க!" என்றார். நான் கேட்டேன், "கையெழுத்து ஆயிடுச்சா சார்?" "அதான் டைப் ஆகுது, இந்தா போட்டுருவாங்க" என்று கையை வீசினார்.

மச்சான் கடைக்குப் பறந்தேன். அதிசயமாக உடனே லைன் கிடைத்தது. "ஆர்.டி.ஓ. அறிவிச்சுட்டாரு. சார், ஒண்ணு!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் சுந்தரேசன் சார், "ஒண்ணு. சரி" என்றார். போனை வைத்துவிட்டு மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "என்ன மச்சான், உங்களுக்கா கூலி ஏறிச்சு?" என்று அவன் கேலி செய்தான்.

திரும்பிப் போனால் தாலுக்கா ஆபீஸ் இழவு வீடு மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். ஒப்பந்தம் டைப்பாகி வந்தது. மிராசுதார் தரப்பினர் மேஜையைச் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை கூலிக்காரர்கள் நாலு பேரும் சுவரோரம் தரையில் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறார்கள். "வந்து போடும்மா" என்று கிளார்க் பேனாவை நீட்டினார். தையல்நாயகி மேஜை வரை வந்தார். பேனாவை வாங்கினார். சுற்றிப் பார்த்தார். பிறகு பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

"ஒரு நாற்காலி போடுங்க. உக்காந்து போடுறேன்."

மிராசுதார் சங்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "கையெழுத்துக்கு எதுக்கு நாற்காலி? குனிஞ்சு போட்டுட்டுப் போ" என்றாராம். தையல்நாயகி அவரைப் பார்க்கவே இல்லை. ஆர்.டி.ஓ.விடம் சொன்னாராம்: "ஐயா, நாள் பூரா வயல்ல குனிஞ்சுதான் கெடக்குறோம். இங்கயும் குனியச் சொல்லாதீங்க. அவங்க எப்படிப் போட்டாங்களோ அப்படியே நானும் போடுறேன்." பக்கத்து அறையில் நாலு நாற்காலி சும்மாதான் கிடந்தது. எடுத்து வந்து போட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. போட்டால் மிராசுதார்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று ஆர்.டி.ஓ.வுக்கு உதறல். போடாமலே மிராசுதார்கள் எழுந்து போனார்கள். "நாளைக்கு லாரியில ஆள் வருது. போலீசை வச்சு அறுத்துக்குறோம்" என்று சொல்லிவிட்டே போனார்கள்.

நான் வந்தபோது அந்த நாலு பேரும் தாலுக்கா ஆபீஸ் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டேன். திரும்பவும் கடைக்கு ஓடினேன். மேற்கே தஞ்சாவூர்ப் பக்கம் இடி இடித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்தால் செத்துக் கிடக்கிறது. தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். தபாலாபீஸில் தந்தி லைனும் அவுட். கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

"விடுங்க மச்சான். நாளைக்கு மறுப்பு போட்டாப் போவுது" என்றான் காதர்.

"யாராச்சும் செத்துட்டா அதுக்கு எப்படிடா மறுப்பு போடுறது?" என்று அவனிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

மறுபடி தாலுக்கா ஆபீஸுக்குப் போனபோது வாசல் காலி. நாலு பேரும் ஊருக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு ஆறுதலில்தான் வீட்டுக்குப் போனேன்.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பேப்பர் கட்டு முதல் பஸ்ஸிலேயே கிராமங்களுக்குப் போய்விட்டிருந்தது. டீக்கடையில் ஒரு பேப்பரை வாங்கிப் பிரித்தேன். என் முதல் கவர், ஒரு எழுத்து மாறாமல், மூன்று பத்தியில், கொட்டை எழுத்தில்: 'கூலித் தகராறு தீர்ந்தது, ஒப்பந்தம் கையெழுத்து, இன்று அறுவடை தொடக்கம்.' ஊர்ப் பெயரோடு. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் ஏட்டு எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், ஒப்பந்தம்னு போட்டுருக்கீங்க? அந்தப் பொம்பளையும் மூணு பேரும் வாசலை மறிச்சதுக்குப் புடிபட்டு நேத்துலேருந்து ஸ்டேஷன்லல்ல உக்காந்துருக்காங்க?" என்றார்.

யா அல்லா! ஊருக்கு யாருமே போகவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு நேற்று என்ன நடந்தது என்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பேப்பரில் நான் எழுதியதுதான். அதை நம்பி அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குவார்கள். எதிரே லாரி ஆட்கள் வருவார்கள். கூலிக்காரர்களை வயலில் விடக்கூடாது என்ற உத்தரவோடு போலீஸ் வரும். அரிவாளோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் போலீஸ் என்ன நினைக்கும்?

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். ஆற்றுப்பாலத்தில் இறங்கி ஊர் வரைக்கும் ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஒரு பாய் ஓடுவதைப் பார்த்து மாடு மேய்த்தவர்கள் எல்லாம் சிரித்திருப்பார்கள்.

வயல் வந்தது. பயந்தபடியேதான் இருந்தது, ஆனால் ஒன்று மட்டும் நான் நினைத்துப் பார்க்காதது.

ஐயாசாமியின் வயலில் பெண்களும் ஆண்களும் வரிசையாக இறங்கி அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாத்தி முடிந்தே போயிருந்தது. ரோட்டில் லாரி நின்றது. அதிலிருந்த வெளியூர் ஆட்கள் கீழே இறங்காமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் போலீஸ் ஜீப், துப்பாக்கியோடு ஆறேழு பேர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர். அவர்களுக்கும் வயலுக்கும் நடுவில், வரப்பில், குடையை ஊன்றிக்கொண்டு ஐயாசாமி மிராசுதார். கையில் எங்கள் பேப்பர்.

"அதான் ஒப்பந்தம் ஆயிடுச்சுங்கிறேனே! பேப்பர்ல போட்டுருக்கானே! யாரு லாரி அனுப்பச் சொன்னா?" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நேற்று ராத்திரி வந்த உத்தரவு ஒன்று, காலையில் வந்த பேப்பர் வேறொன்று. எதை நம்புவது?

நான் ஐயாசாமி பக்கத்தில் போய், மூச்சு வாங்க, தாழ்ந்த குரலில் சொன்னேன். "ஐயா, பேப்பர்ல வந்தது சரியில்ல. நேத்து பேச்சு முறிஞ்சு போச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது உங்க பேப்பர்தானே பாய்?"

"ஆமாங்க."

"எழுதுனது நீங்கதானே?"

"நான்தாங்க."

"அப்ப நீங்க எழுதுனதை நம்புறதா, நீங்க சொல்றதை நம்புறதா?" என்று சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "மேல பாத்தீங்களா, மேகத்தை? வாயை மூடிக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அரை லிட்டரைக் கொடுத்துவிட மனிதருக்கு எப்போதோ சம்மதம். தனியாக இறங்கிவந்தால் மற்ற மிராசுதார்கள் காறித் துப்புவார்கள். இப்போது சங்கமே ஒத்துக்கொண்டதாகப் பேப்பரில் வந்துவிட்டது. இவருக்கு வேறென்ன வேண்டும்? எனக்கும் வாயை மூடிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும், மாலைக்குள் முக்கால் வயலை அறுத்துவிடுவார்கள். ஆனால் ஸ்டேஷனில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்களே! தையல்நாயகியின் கணவர் பத்தடி தூரத்தில் குனிந்து அறுத்துக்கொண்டிருக்கிறார். பெண்டாட்டி ஜெயித்துவிட்டாள், கடைசி பஸ் தவறி டவுனிலேயே தங்கிவிட்டாள் என்ற நினைப்பில் பாட்டு வேறு பாடுகிறார்.

அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் நேராக என்னிடமே வந்துவிட்டார். "நீங்கதானே பாய் எழுதுனது? எனக்கு ஒரே பதில் சொல்லுங்க. ஒப்பந்தம் ஆச்சா, இல்லையா?"

பாட்டு நின்றது. வரிசையே நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ஐயாசாமியும் பார்த்தார். ஆச்சு என்றால் பொய். இல்லை என்றால் தடியடி. என் வாழ்க்கையில் அவ்வளவு வார்த்தை எண்ணிப் பேசியதில்லை.

"அரை லிட்டருக்கு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. மிராசுதாருங்க கையெழுத்தும் போட்டாங்க. தையல்நாயகி மட்டும் போடலை."

"ஏன் போடலை?"

"நாற்காலி குடுக்கலை."

"என்னது?"

"உக்காந்து போடணும்னு நாற்காலி கேட்டாங்க. யாரும் குடுக்கலை. அதனால போடலை."

லாரியில் இருந்தவர்களில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். வயலில் யாரும் சிரிக்கவில்லை. தையல்நாயகியின் கணவர் அரிவாளோடு வரப்பில் ஏறிவந்தார். "எங்க அவ?" என்றார் என்னிடம்.

"ஸ்டேஷன்ல" என்றேன்.

அரிவாள்கள் அத்தனையும் நின்றுவிட்டன. ஒவ்வொருவராக வரப்பில் ஏறினார்கள். மேட்டில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்கள் எழுந்தார்கள். ஒருவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்குவதை என் கண்ணால் பார்த்தேன். தொலைந்தது என்று நினைத்தேன்.

ஐயாசாமி குடையை விரித்தார். மழை இல்லை, வெயிலும் இல்லை. ஏன் விரித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விரித்த குடையோடு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்று, சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "இது என் வயலு. இவங்க என் வயல்ல அறுக்க வந்த ஆளுங்க. புகார் குடுக்கணும்னா நான்தானே குடுக்கணும்? நான் குடுக்கலை. உங்க ஆளுங்களை உக்காரச் சொல்லுங்க." பிறகு கூலிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "நான் போயி அதைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் நகரக் கூடாது."

"அது வராம ஒரு கதிரைத் தொட மாட்டோம்" என்றாள் ஒரு கிழவி.

"தொட வேணாம். உக்காருங்க!" என்று இரைந்துவிட்டு, வீட்டுப் பக்கம் பார்த்து, "எலே, கூடத்துல இருக்குற ரெண்டு நாற்காலியையும் தூக்கிட்டு வந்து களத்துல போடுங்கடா" என்றார்.

அவருடைய காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியில் தானாகவே ஆரம்பித்தார். "ஒரு நாற்காலிதானா பாய்?" என்றார். "ஒண்ணுதாங்க" என்றேன். "அரை லிட்டருக்காக வீட்டுல என் சம்சாரமே என்கூடப் பேசுறதில்ல. ஊரு ஆளுங்க பட்டினி கெடக்க, வெளியூரு ஆளு அறுத்த நெல்லை நான் ஆக்க மாட்டேன்னுட்டா. இப்ப நாற்காலிக்கு வேற இன்னொரு சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல." பெரிய தத்துவமெல்லாம் ஒன்றும் இல்லை. மனிதர் களைத்துப்போயிருந்தார். அந்தக் களைப்புக்கு நான் மனசுக்குள் ஆயிரம் நன்றி சொன்னேன்.

வயலின் சொந்தக்காரரே வந்து கேட்டதும் ஸ்டேஷனில் வேலை சுலபமாக முடிந்தது. விஷயம் கேட்டு, தாலுக்கா ஆபீஸிலிருந்து தாசில்தாரும் ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பிவிட்டார். இந்தத் தலைவலி தீர்ந்தால் சரி என்று இருந்தது அவருக்கு. தையல்நாயகி மிராசுதாரின் காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். நாலு பேரும் தாசில்தாரின் ஜீப்பிலேயே வந்தார்கள்.

களத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. தேக்கு நாற்காலி, பிரம்பு பின்னியது. நடுவில் ஒரு முக்காலி. ஊரே சுற்றி நின்றது. ஐயாசாமி ஒன்றில் உட்கார்ந்தார். "உக்காரு" என்றார். தையல்நாயகி உட்கார்ந்தார். முழுசாக, சாய்ந்து உட்கார்ந்தார்.

தாசில்தார் காகிதத்தை விரித்தார். "தேதி நேத்துத் தேதியே இருக்கட்டும். பேப்பர்லயும் அப்படித்தான் வந்துருக்கு. பாய்க்கும் சங்கடம் இல்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. நேற்றுத் தேதி போட்டுவிட்டால் என் செய்தி ஒரு எழுத்து பிசகாமல் சரியாகிவிடும். சுந்தரேசன் சாரிடம் போய் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டியதில்லை.

"நேத்து நான் ஸ்டேஷன்ல இருந்தேங்க" என்றார் தையல்நாயகி. "இன்னைக்குத்தான் உக்காந்துருக்கேன். இன்னைக்குத் தேதி போடுங்க." பிறகு என்னிடம் திரும்பி, "பாய், நீங்களும் நாளைக்குச் சரியாப் போட்டுருங்க" என்றார்.

"போட்டுடுறேம்மா" என்றேன். தாசில்தார் தேதியை அடித்துத் திருத்தினார்.

மறுநாள் திருத்தம் வந்தது. அதற்கு முன் சாயங்காலமே டிரங்க் கால் கிடைத்து, நான் நடந்ததையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். சுந்தரேசன் சார் முழுசாகக் கேட்டுவிட்டு, "யாருக்கும் அடி இல்லையே?" என்றார். "இல்ல சார்" என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டாரா, லைன் இரைச்சலா தெரியவில்லை. "திருத்தத்துல வருந்துகிறோம்னு போடணுமே ரசாக்" என்றார். "போடுங்க சார்" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வருந்தியது அந்த ஒரு தடவைதான்.

திருத்தம் நாலே வரி. ஒப்பந்தம் முந்தின நாள் கையெழுத்தானதாக வந்தது தவறு, நேற்றுதான் கையெழுத்தானது, இரு தரப்பினரும் அமர்ந்து கையெழுத்திட்டனர், தவறுக்கு வருந்துகிறோம். களத்தில் நடந்த இன்னொன்றுக்கு அந்த நாலு வரியில் இடமில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்து முடிந்தது. ஐயாசாமி எழுந்துவிட்டார். தாசில்தார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். கிழக்கே மேகம் தென்னந்தோப்புக்கு மேலே வந்து நின்றது; காற்றில் ஈரம் வந்துவிட்டது. "முடிஞ்சுதுல்ல? எந்திரிம்மா, மழை வருது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இருங்க சார்" என்றார் தையல்நாயகி. "இன்னும் கொஞ்சம் உக்காந்துக்கிறேன்."

மிராசுதார் நின்றார், தாசில்தார் நின்றார், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள், ஊர் நின்றது. அந்தப் பெண் கையை நாற்காலியின் இரண்டு பக்கத்திலும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமே இல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவரிடமிருந்த அரிவாளைக் கேட்டு வாங்கினார்.

"வாங்கடி" என்றார். எல்லோரும் வயலில் இறங்கினார்கள்.